சட்டியை இறக்கியது யார்?

துரின், 12 ஜனவரி 1908

அன்புள்ள எர்சீலியா அக்காவுக்கு,

தம்பி எவரிஸ்தோ எழுதுவது. நான் சௌக்கியம். வயிறு மட்டும் வழக்கம்போல் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் பொம்பேயோ அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் முழங்கால் இன்னும் மழையை முன்கூட்டியே சொல்கிறதா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் தம்பி, பல்கலைக்கழகத்தில் வெப்பவியல் நடத்துகிற பௌதிகப் பேராசிரியன், ஓர் ஆவிக்காரியை ஆராயப் போகிறேன். சிரிக்காதே. பெயர் டோன்னா கர்மோசீனா. நம் ஊருக்குப் பக்கத்து நேப்பிள்ஸில் துணி தேய்த்துப் பிழைத்த விதவை. இப்போது இந்த ஊர்ச் சீமாட்டிகள் அவளை நடுவில் உட்காரவைத்துச் செத்தவர்களோடு பேசுகிறார்கள். அவள் கை வைத்தால் மூன்று கால் மேசை எழும்புகிறதாம், அறை குளிர்ந்துபோகிறதாம். குளிர்கிறதா இல்லையா என்று சொல்ல என்னைவிட்டால் ஆள் யார்? பதினோரு வெப்பமானிகளைத் தயாராக வைத்திருக்கிறேன்.

சோதனை இதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் போய்விட்ட நம் அம்மாவை அழைக்கச் சொல்வேன். கடைசியாக என்ன சொன்னாய் என்று கேட்பேன். கட்டிலருகே இருந்தவள் நீ ஒருத்திதான். மத்தியான ரயிலில் வந்து இறங்கிய என்னிடம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை: “எவரிஸ்தோகிட்ட சொல்லு, அவன்தான் என் பெருமை.” அதை என் புத்தகத்தின் முன்னுரையில் அச்சிட்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அவள் அதைப் படித்திருப்பாளோ என்ற பயம் வேண்டாம். உலோகங்களில் வெப்பம் பரவுவது பற்றிய முந்நூறு பக்கத்தை என்னோடு வேலை செய்கிற பேராசிரியர்களே படிக்கவில்லை.

அந்த வார்த்தைகளை உன் கையால் எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து அனுப்பு. அம்மாவிடம் கேட்க எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. அது விஞ்ஞானத்துக்கு வேண்டியதில்லை, விடு.

உன் தம்பி,
எவரிஸ்தோ


பெனவெந்தோ, 3 பிப்ரவரி 1908

அன்புத் தம்பிக்கு,

இங்கே குளிரைத் தவிர எல்லாரும் நலம். வயிற்றுக்குச் சோம்பு போட்டுக் கொதிக்கவைத்துக் குடி, பட்டினி போடாதே.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். “செத்தவங்ககூடப் பேச பதினோரு வெப்பமானியா? காய்ச்சல் அவங்களுக்கா, உன் தம்பிக்கா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

சின்ன வயதில் நான் கதவுக்குப் பின்னால் துடைப்பம் சாத்தி வைத்தால் நீ என்ன பாடு படுத்துவாய்! உள்ளே வருகிற சூனியக்காரி முதலில் துடைப்பக் குச்சிகளை எண்ண வேண்டும், எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்று சொன்னால், “அவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதாக்கா?” என்பாய். அப்பேர்ப்பட்டவன் இப்போது ஆவியைத் தேடிப் போகிறாய். இத்துடன் உப்புப் பொட்டலம் ஒன்று அனுப்புகிறேன். அந்தப் பெண் எதிரில் உட்காரும்போது அது உன் கோட்டுப் பையில் இருக்க வேண்டும்.

ஆனால் கடைசி வார்த்தை எதற்குத் தம்பி? சாகிறவர்கள் வாயில் ஏதேதோ வரும். அதற்குப் பதில் அம்மாவின் பவளக் காதணி எங்கே போயிற்று என்று கேளேன். எனக்கும் உபயோகமாக இருக்கும்.

உறையை இப்போது அனுப்பவில்லை. அரக்கு தீர்ந்துவிட்டது.

அக்கா எர்சீலியா


துரின், 11 பிப்ரவரி 1908

அன்புள்ள அக்காவுக்கு,

சோம்பு குடித்தேன், வயிறு அடங்கியிருக்கிறது. அத்தானுக்குக் காய்ச்சல் இல்லை என்று நம்புகிறேன்.

உப்பு வந்து சேர்ந்தது. தராசில் வைத்தேன், முப்பத்தொரு கிராம். அமர்வு முடிந்ததும் மறுபடி நிறுத்துப் பார்ப்பேன்.

காதணி யோசனை உதவாது. அது எங்கே இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் எதைச் சொன்னாலும் சரிபார்க்க வீட்டை இடிக்க வேண்டும். நமக்குத் தேவை, ஒருத்தருக்கு நிச்சயமாகத் தெரிந்த விடை. அந்த ஒருத்தி நீ.

உடற்கூறியல் பேராசிரியர் ஓர்மேயாவும் கூட இருப்பார். ஆவி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மூக்கு விடைக்கும். உறை அவரிடம்தான் இருக்கும். பெனவெந்தோவில் அரக்கு விற்கவில்லை என்றால் சொல், இங்கிருந்து அனுப்புகிறேன்.

எவரிஸ்தோ


பெனவெந்தோ, 9 மார்ச் 1908

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அச்சிட்டது எதுவோ அதையேதான் எழுதியிருக்கிறேன். அடுப்பில் வேலை கிடக்கிறது.

எர்சீலியா


துரின், 2 ஏப்ரல் 1908

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமே. உன் போன கடிதம் தந்தியைவிடச் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அமர்வு நடந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணி, என் ஆய்வுக்கூடம், ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. டோன்னா கர்மோசீனா நல்ல கனத்த சரீரம். வந்ததும் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். சோளக்களி கொடுத்தோம். “இத வெச்சு இங்க சுவருக்குப் பூசுவீங்களா, வயித்துக்குப் பூசுவீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு தட்டு தின்றாள். கணுக்கால்கள் ஓர்மேயாவின் பொறுப்பு, இடது கை என் பொறுப்பு. இறந்தது என் தாய், பெனவெந்தோவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட இருந்தது மகள் எர்சீலியா. கர்மோசீனாவிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்.

மேசை நாலு விரல் எழும்பியது. வெப்பமானிகள் அரை டிகிரி இறங்கின. ஓர்மேயா கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்புறம் அவள் தலை தொங்கிற்று. நான் கேள்வியைக் கேட்டேன். கிழவிக் குரலில் படபடவென்று பதில் வந்தது: “எர்சீ, கொழம்பு அடிப்பிடிக்குது, போய்ப் பாரு!”

ஓர்மேயா அரக்கை உடைத்து உன் எழுத்தை உரக்கப் படித்தார். சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஆக அவள் மோசக்காரி. மே இருபதாம் தேதி இந்நகர அறிஞர் சபையில் நான் அறிக்கை வாசிக்கிறேன். பிரதி போலீசுக்கும் போகும். இனி எந்த வீட்டிலும் அவளை உள்ளே விட மாட்டார்கள். எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

எவரிஸ்தோ


பெனவெந்தோ, 5 ஏப்ரல் 1908

தம்பி,

நலம், நலம். உன் கடிதத்தைப் படித்தபோது கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது, அவ்வளவுதான்.

அந்த அம்மாள் வேறு எதுவும் சொன்னாளா? சட்டியை அடுப்பிலிருந்து யார் இறக்கினார்கள் என்று ஏதாவது? அடுத்த தபாலிலேயே எழுது.

எர்சீலியா


துரின், 10 ஏப்ரல் 1908

அன்புள்ள அக்காவுக்கு,

உடைந்தது தட்டோடு போயிற்றே என்று நிம்மதி. ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுகிற நீ, கடிதம் கிடைத்த அன்றைக்கே எழுதியிருக்கிறாய். தபால்காரன்கூட ஆச்சரியப்பட்டிருப்பான்.

அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. யார் இறக்கினார்கள் என்று ஏன் கேட்கிறாய்? யாராவது இறக்கினார்களா என்ன?

நான் அறிக்கை எழுதுவது தெரிந்து டோன்னா கர்மோசீனா ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள். “ஐயா, மேசையத் தூக்குனது என் மொழங்காலு. அத ரெண்டு பேராசிரியரும் கண்டுபிடிக்கல. நான் ஏமாத்துனப்ப ஆகான்னீங்க. ஏமாத்தாம வாயில வந்தத அப்படியே சொன்னேன், அப்ப மோசக்காரிங்கிறீங்க. இது எந்த ஊரு நியாயம்?” என்றாள்.

உன் உப்பு இப்போது இருபத்தொன்பது கிராம். பையில் ஓட்டை இருக்கிறது.

எவரிஸ்தோ


பெனவெந்தோ, 8 மே 1908

தம்பி எவரிஸ்தோ,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனசு வரவில்லை, மன்னித்துக்கொள். நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அந்தப் பெண் மோசக்காரி இல்லை. மோசக்காரி நான்.

அம்மா அன்று காலை உன் பெருமையைப் பேசவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தும், ஊரில் எல்லா வீட்டிலும் கொதிக்கிற ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு நம் வீட்டில் மட்டும் இல்லாமல் போகக் கூடாது என்று அவளேதான் என்னை விரட்டிச் சட்டியை ஏற்றவைத்தாள். பத்து மணி வாக்கில் மூக்கைச் சுளித்தாள். “எர்சீ, கொழம்பு அடிப்பிடிக்குது, போய்ப் பாரு” என்றாள். நான் போகவில்லை. அவள் கையை விட எனக்கு மனசில்லை. கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. மத்தியானம் நீ பெட்டியும் கையுமாக வாசலில் நின்று, “அம்மா ஏதாவது சொன்னாளாக்கா?” என்று கேட்டாய். உன் முகம் இருந்த இருப்புக்கு, குழம்பைப் பற்றியா சொல்ல முடியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். நீ அதை அச்சடித்துவிடுவாய் என்று யார் கண்டது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கண்ணை மூடிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். சட்டி அடுப்பில் இல்லை. பக்கத்துக் கல்மேடையில் இறக்கி, மூடி வைத்திருந்தது. துளிகூட அடிப்பிடிக்கவில்லை. உன் அத்தான் பாதிரியாரைக் கூப்பிடப் போயிருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான். திறந்து பார்த்தால் குழம்பின் மேல் ஒரு ரொட்டித் துணுக்கு மிதந்தது. அம்மா ரொட்டியைத் தோய்த்துத்தானே உப்புப் பார்ப்பாள்? போகிற வழியில் அவளே வந்து, சட்டியை இறக்கி, ருசி பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தத் துணுக்கைக் காயவைத்து, வெள்ளி டப்பாவில் போட்டு, மாதா படத்தடியில் வைத்து, தினமும் விளக்கேற்றுகிறேன். அம்மா என்னை விட்டுப் போகவில்லை என்பதற்கு எனக்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அது. உன்னிடம் சொன்னால் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

அறிக்கையை வாசிக்காதே தம்பி. உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணை என் பொய்யை வைத்து ஊரைவிட்டு விரட்டாதே.

அக்கா


துரின், 15 மே 1908

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டு ஒரு தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

சட்டியை இறக்கியது நான்.

நான் மத்தியான ரயிலில் வரவில்லை. ஒன்பதரை மணி ரயிலிலேயே வந்துவிட்டேன். பின்வாசல் திறந்திருந்தது. நடையில் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா மூச்சுக்குத் திணறுவது கேட்டது. உள்ளே வரக் கால் எழவில்லை அக்கா. அப்போதுதான் அம்மா சொன்னாள், குழம்பு அடிப்பிடிக்கிறது என்று. அந்த ஒரு வேலையாவது என்னால் முடியும் என்று போய் இறக்கினேன். மேசையில் ரொட்டி இருந்தது. ரயிலில் இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்தான். சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் திருடுவேனே, அதேபோல் பிய்த்துத் தோய்த்துத் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். ருசியாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள், மகனுக்குக் குழம்பு ருசிக்கிறது. பின்வாசல் வழியாக ஓடிப்போய் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்துவிட்டு, மத்தியான ரயில் கூட்டத்தோடு திரும்பி வந்தேன்.

ஆகவே நீ சொன்னது பொய்யாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே நினைத்தேன். எனக்காகச் சொன்ன பொய் என்பதால் அச்சிட்டேன். பிற்பாடு அதுவே பொறியாக உதவும் என்று தோன்றியது. புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறவள் முன்னுரையைச் சொல்வாள். அம்மாவே வந்தால் குழம்பைச் சொல்வாள். கர்மோசீனா குழம்பைச் சொல்லிவிட்டாள். சரியான விடை என்று ஒப்புக்கொண்டால், அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். நடையில் நின்றதைச் சொல்ல வேண்டும். ரொட்டியைச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் ஓர் ஏழை விதவையை மோசக்காரி என்று எழுத உட்கார்ந்தேன்.

அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஆராய்கிறவனே சாட்சியாக இருந்ததால் சோதனை செல்லாது என்று சபைக்கு எழுதிவிட்டேன். ஓர்மேயா என்னைப் பார்க்கும்போதெல்லாம் மேசையை முழங்காலால் தட்டுகிறார். தட்டட்டும். நேற்று கர்மோசீனாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். குழம்பு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழம காலைலன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம பக்கத்துல ஞாயித்துக்கெழம காலைல சாகுற தாயி வேற என்னத்தய்யா சொல்லுவா?” என்றாள்.

பதினோரு வெப்பமானிகள் வைத்திருந்தேன். இது எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? நான் வீட்டுக்குள் வந்திருந்தது அவளுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் இத்தனையும் செய்தேன். இனிக் கேட்க ஆள் இல்லை. உன் அத்தாட்சியையும் பிடுங்கிவிட்டேன். மன்னித்துவிடு அக்கா.

எவரிஸ்தோ


பெனவெந்தோ, 24 மே 1908

தம்பி,

நீ நன்றாக இரு. முதலில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வருஷமாக உன் எச்சில் ரொட்டிக்கு விளக்கேற்றியிருக்கிறேன்! காய்ச்சல் வந்தால் அந்த டப்பாவை நெற்றியில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை பங்குச் சாமியாரையே முத்தம் கொடுக்கச் சொன்னேன், அவரும் கொடுத்தார். உன் அத்தான் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே போய்விட்டது. உன் ஆராய்ச்சியால் உலகத்துக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அம்மா குழம்பைப் பற்றிச் சொன்னதோடு முடியவில்லை. அடுப்படியில் சட்டி மூடி ‘டங்’கென்று விழுகிற சத்தம் கேட்டது. அம்மா கண்ணைத் திறந்தாள். “வந்துட்டான். மூடிய மெதுவா வெக்கத் தெரியாதவன்” என்றாள். சிரித்தாள் தம்பி. அப்புறம், “ரொட்டிய எடுத்துக்கட்டும். கையில அடிக்காத” என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

செத்துப்போன அப்பாதான் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சாகிறவர்களை அழைத்துப்போக அவரவர் ஆட்களே வருவார்கள் என்பது இங்கே யாருக்குத் தெரியாது? அப்பாவுக்கும் எதையும் சத்தமில்லாமல் வைக்க வராது. ஆவி வந்து மூடியைத் தட்டியது என்றால் நீ சிரிப்பாய். அதனால் இதை உன்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னதும் உன்னைப் பற்றித்தான். முன்னுரையை அப்படியே விட்டு வை.

அக்கா


துரின், 2 ஜூன் 1908

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த நாள் முதல் வயிறு சரியாக இருக்கிறது. அத்தானின் முழங்காலுக்கு வாழ்த்துச் சொல்.

விடை தெரிந்த பிறகு சொல்லப்படும் சாட்சியத்துக்கு மதிப்பில்லை என்று முப்பது வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் ரொட்டியைப் பற்றி எழுதிய பிறகுதான் நீ ரொட்டியைப் பற்றி எழுதுகிறாய். முன்பு ஒருமுறை, வாசலில் நின்றவன் முகத்தைப் பார்த்து, நீ என்ன செய்தாய் என்பதும் எனக்குத் தெரியும். இது உண்மையா, மறுபடியும் என்னைத் தேற்றுகிறாயா?

பதில் எழுதாதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன், எழுதாதே.

புத்தகம் இரண்டாம் பதிப்பு வருகிறது. பிழை திருத்தக் கேட்டார்கள். நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஓர் அட்டவணையைத் திருத்தினேன். முன்னுரையைத் தொடவில்லை.

எவரிஸ்தோ


பெனவெந்தோ, 7 ஜூன் 1908

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மாதா படத்தடியில் டப்பா அங்கேயேதான் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. பழகிவிட்டது.

பல்கலைக்கழகம் மூடியதும் புறப்படு. இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதரை மணி ரயில் இன்னும் ஓடுகிறது, மத்தியான ரயிலில் வர வேண்டாம். சட்டியை விடியற்காலையிலேயே ஏற்றிவிடுவேன். மூடி அதே பழைய மூடிதான். ரொட்டியை உனக்கென்று தட்டில் எடுத்து வைக்க மாட்டேன். அடுப்படி மேசையில் கிடக்கும். நீ வரும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அக்கா